பாட்டைச் சுருக்கும்போது எது போகிறது?

சோமனூர், பல்லடம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தறிக்குடோனில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போகும். சடசடவென்ற சத்தம் நொடியில் அடங்கும். உடனே பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும், வேப்பமரத்துக் காக்கை கத்துவது கேட்கும், சமையல்கட்டில் அமுச்சி (பாட்டி) பாத்திரம் விளக்குவதும் கேட்கும். ரேடியோ அதற்கு முன்பும் பாடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தம் நம் காதுவரை வந்துகொண்டும் இருந்தது. தறிச் சத்தம் மறைத்துவிட்டதால் நமக்குத் தெரியவில்லை.

செல்போனிலும் பென்டிரைவிலும் நாம் போட்டு வைத்திருக்கும் எம்பி3 பாட்டுகள் எல்லாம் இந்த விஷயத்தை நம்பிச் செய்தவை. காதில் விழாத சத்தத்துக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அதிலிருந்து பிறந்த முறை. இப்படிச் சுருக்குவதில் நமக்குக் கிடைப்பது என்ன, போவது என்ன, எங்கே போனால் பரவாயில்லை, எங்கே போகவே விடக்கூடாது என்று, இதை முதன்முதலாகத் தெரிந்துகொள்பவர்களுக்காக எழுதுகிறேன். கடைசியில் சொன்னதை எங்கள் வீட்டில் ஒரு பெரிய இழப்புக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டோம். அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு பாட்டு சுருக்காமல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்ப்போம். ஆடியோ சிடியில் சத்தத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு அளவும் 16 பிட் கொண்ட ஓர் எண். இடப்பக்கத்துக்கு ஒரு வரிசை, வலப்பக்கத்துக்கு ஒரு வரிசை. பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட், அதாவது சுமார் 1,411 கிலோபிட். எட்டுப் பிட் ஒரு பைட், பத்து லட்சம் பைட் ஓர் எம்பி என்ற கணக்கில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 53 எம்பி வரும். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு). ஓர் அலையைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டுமானால் அதன் அதிர்வு வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அதனால்தான் 44,100.

இப்போது இந்தக் கணக்கை 1998-க்குக் கொண்டுபோங்கள். அந்த வருடம் தென்கொரியாவிலிருந்து எம்பிமேன் என்ற சின்னப் பெட்டி விற்பனைக்கு வந்தது. எம்பி3 பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பதற்கென்று வந்த முதல் கருவிகளில் அது ஒன்று. அதில் இருந்த இடம் 32 எம்பி. சிடி தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுகூட அதில் கொள்ளாது. 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே பாட்டு கொள்ளும். 2001-இல் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி இடம். ஆயிரம் பாட்டு பாக்கெட்டில் என்று ஆப்பிள் விளம்பரம் செய்தது. அந்த ஆயிரமும் 160 கிலோபிட்டில் சுருக்கினால் வரும் கணக்கு. சுருக்கும் வித்தை இல்லாவிட்டால் இந்தக் கருவிகளே வந்திருக்காது.

வித்தையைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துக்கும், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற பொறியாளருக்கும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அது உலகம் முழுவதற்கும் பொதுவான தரமாக ஏற்கப்பட்டது. எம்பி3 என்ற பெயர் 1995-இல் வந்தது.

சரி, அது உள்ளே என்னதான் செய்கிறது? கேட்காத சத்தத்தை வெட்டி எறிந்துவிடுகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொண்டால்தான் எந்தப் பாட்டு கெடும், எது தப்பிக்கும் என்பது விளங்கும். அதனால் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

சுருக்கும் மென்பொருள் பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுக்கிறது. ஒரு துண்டு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் கீழ்ச்சத்தம் எவ்வளவு, நடுச்சத்தம் எவ்வளவு, மேல்கீச்சு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறது. அந்த இடத்தில் எந்தச் சத்தம் எதை மறைக்கும் என்று, மனிதக் காதைப் பற்றிய ஒரு கணக்கை வைத்து முடிவு செய்கிறது. முழுக்க மறைந்துபோவதை எழுதாமலே விட்டுவிடுகிறது. மற்றவற்றை எழுதுகிறது, ஆனால் முரட்டுக் கணக்கில் எழுதுகிறது.

ஜவுளிக்கடையில் டேப் வைத்து அங்குலக் கணக்கில் அளப்பதும் உண்டு, கையை நீட்டி முழம் போடுவதும் உண்டு. முழம் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். எம்பி3-யும் பல இடங்களில் டேப்பை வைத்துவிட்டு முழம் போடுகிறது. அதனால் வரும் கூடுதல் குறைச்சல் பாட்டில் ஓர் இரைச்சலாகச் சேர்கிறது. ஆமாம், எம்பி3 பாட்டில் மூலத்தில் இல்லாத இரைச்சல் சேர்ந்திருக்கிறது. அந்த இரைச்சலைப் பாட்டின் உரத்த பகுதிகளுக்கு அடியில், தறிச் சத்தத்துக்குள் ரேடியோ மறைந்ததுபோல ஒளித்து வைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மூலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக எழுதியும் பாட்டு பாட்டாகவே கேட்பது இதனால்தான். எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

எவ்வளவு எழுதலாம் என்று நாம் கொடுக்கும் அளவுதான் பிட்ரேட். 128 கேபிபிஎஸ் என்று போட்டிருந்தால் நொடிக்கு 128 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு 4.8 எம்பி ஆகும். 192 என்றால் 7.2 எம்பி, 320 என்றால் 12 எம்பி. அளவு குறையக் குறைய முழம் நீண்டுகொண்டே போகும், இரைச்சல் பெருகும், ஒரு கட்டத்தில் ஒளிக்க இடம் போதாமல் வெளியே தெரியும்.

எங்கே முதலில் தெரியும்? இங்கேதான் நம் ஊர் வாத்தியங்கள் பரீட்சை வைக்கின்றன. உடுக்கையை எடுத்துக்கொள்வோம். அடி விழுவதற்கு முன் அமைதி. பிறகு சுரீரென்று ஓர் அடி. துண்டின் நடுவில் அடி விழுகிறது என்று வையுங்கள். முரட்டுக் கணக்கின் இரைச்சல் அந்தத் துண்டு முழுவதும் பரவும். அடிக்குப் பிறகு வரும் இரைச்சலை அடியே மறைத்துவிடும். அடிக்கு முன்னால் அமைதியாக இருந்த இடத்திலும் இரைச்சல் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை மறைக்க அங்கே எதுவும் இல்லை. பின்னால் வரும் உரத்த சத்தம் முன்னதைச் சில மில்லி விநாடிகளுக்குத்தான் மறைக்கும். ஆகவே ஒவ்வோர் அடிக்கும் முன்னால் மெலிதாக ஒரு ‘ஸ்’ கேட்கும். அடியின் கூர்மை மழுங்கிப்போகும். இதற்கு முன்னெதிரொலி என்று பெயர். நல்ல மென்பொருள் அந்த இடத்தில் துண்டை இன்னும் சின்னதாக வெட்டிச் சமாளிக்கும். அதற்குக் கூடுதல் பிட் வேண்டும், 64 கிலோபிட்டில் அந்த வசதி இல்லை.

அடுத்தது தாளம், சலங்கை. இவற்றின் உயிர் மேல்கீச்சில் இருக்கிறது. 128 கிலோபிட்டில் பல மென்பொருள்கள் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எழுதுவதே இல்லை. அதற்குக் கீழே இருப்பதும் தண்ணீருக்குள் ஆட்டிய சலங்கை மாதிரி சளசளவென்று ஆகும். கூட்டத்தின் கைத்தட்டல், மழைச் சத்தம் இரண்டும் இப்படித்தான் குழம்பும், ஏனென்றால் ஒழுங்கில்லாத சத்தத்தைச் சுருக்குவதுதான் மிகக் கடினம். நாகஸ்வரம் மாதிரி ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் வாத்தியத்தைத் துண்டுகளாக வெட்டி எழுதுவது சுலபம், அது ஓரளவு தப்பித்துக்கொள்ளும்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அப்பாரு, அதாவது தாத்தா, அண்ணமார் கதை என்றால் உயிரை விடுவார். பொன்னர், சங்கர் கதையை உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்களே, அதுதான். எங்கள் ஊரில் ஒரு பாட்டுக்காரர் பல ராத்திரி பாடியதை டேப் ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்துப் பிடித்து வைத்திருந்தார். தொண்ணூறு நிமிடக் கேசட் பன்னிரண்டு. மொத்தம் பதினெட்டு மணி நேரம். 2006-இல் அப்பாரு காலமான பிறகு, கேசட் கெட்டுப்போகும் முன் சிடியில் ஏற்றிவிடலாம் என்று ஒரு கடையில் கொடுத்தோம். ஆடியோ சிடியாகப் போட்டால் பதினான்கு தட்டு ஆகும், எம்பி3-யாகப் போட்டால் ஒரே தட்டில் கொள்ளும் என்றார் கடைக்காரர். ஒரே தட்டு என்றதும் எங்களுக்குச் சந்தோஷம். கேசட்டெல்லாம் இனி எதற்கு என்று அடுத்த மாதமே பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டோம்.

பல வருடம் கழித்து, நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கியபோது அந்தத் தட்டைக் கேட்டேன். ஒவ்வோர் உடுக்கை அடிக்கு முன்னாலும் ‘ஸ்’. பின்பாட்டுக்காரரின் தாளம் சளசளப்பு. சுற்றி உட்கார்ந்திருந்த சனங்களின் பேச்சு எல்லாம் குமிழி குமிழியாக. கோப்பைத் திறந்து பார்த்தால் 64 கிலோபிட். பன்னிரண்டு கேசட்டும் சேர்ந்து 518 எம்பி. ஒரு தட்டில் இருக்கும் 700 எம்பிக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தது. கேசட்டுக்கு உரிய ‘உஸ்’ சத்தமும் இருக்கிற கொஞ்சப் பிட்டில் தன் பங்கைத் தின்றிருந்தது. பாட்டுக்காரரின் குரல் மட்டும் பரவாயில்லாமல் இருக்கிறது. அவரும் இன்று இல்லை.

இதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. சத்தத்தைச் சுருக்குவதில் இரண்டு சாதி உண்டு. மில்லுக்கு வரும் பஞ்சை அழுத்தி பேல் போட்டிருப்பார்கள். கட்டை அவிழ்த்தால் அதே பஞ்சு, ஓர் இழை குறையாது. ஃபிளாக் என்ற வகைக் கோப்பு அப்படிப்பட்டது. மூலத்தில் பாதியோ, பாதிக்குக் கொஞ்சம் மேலோ ஆகும், திரும்ப விரித்தால் ஒரு பிட் மாறாமல் வரும். இன்னொன்று காங்கயம் களத்தில் காய்கிற தேங்காய்ப் பருப்பு மாதிரி. எடை குறையும், தூரத்துக்கு அனுப்பலாம், எண்ணெய்க்கும் ஆகும், நல்ல பண்டம்தான். ஆனால் காய்ந்த பருப்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பச்சைத் தேங்காய் ஆக்க முடியாது. எம்பி3, ஏஏசி, ஓபஸ் எல்லாம் இந்த இரண்டாம் சாதி.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் வருகிறது. கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றும்போது எல்லாம் 320-ங்க, ஒரிஜினல் குவாலிட்டிங்க என்பார்கள். 128-இல் இருந்த கோப்பை எடுத்து 320-ஆக மாற்றி எழுதினால் கோப்பின் அளவு இரண்டரை மடங்கு ஆகும், போன சத்தம் எதுவும் திரும்பாது. ஏற்கெனவே முழம் போட்டதன் மேல் இன்னொரு முறை முழம் போடுவதால் இன்னும் கொஞ்சம் கெடவும் செய்யும். சந்தேகம் இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, அலைவரிசைப் படமாகப் பாருங்கள். 320 என்று சொன்ன பாட்டு 16,000 ஹெர்ட்ஸில் கத்தி வைத்து அறுத்ததுபோல நின்றால் அது பெரும்பாலும் ஊதிப் பெருக்கியதுதான். மிகப் பழைய பதிவுகளில் மேல்கீச்சு முதலிலேயே இருக்காது, அதையும் மனதில் வையுங்கள்.

அப்படியானால் தினமும் கேட்கிற பாட்டுக்கு எது போதும்? இங்கே பயப்படவே தேவையில்லை என்பது என் கருத்து. ஈரோட்டிலிருந்து கோபிக்குப் பஸ்ஸில் போகும்போது கேட்கிறீர்கள் என்றால், பஸ் இன்ஜினே பெரிய தறி. எம்பி3 ஒளித்து வைத்த இரைச்சலை அது இன்னும் ஒருமுறை மூடிவிடும். அங்கே 128-க்கும் சிடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து நல்ல ஹெட்போனில் கேட்பவர்களுக்கு எம்பி3-யில் 192 முதல் 256 வரை வைத்தால் பெரும்பாலான பாட்டில் குறை தெரியாது. வசதி இருந்தால் நிலையான பிட்ரேட்டை விட மாறும் பிட்ரேட்டைத் தேர்ந்தெடுங்கள். அமைதியான இடத்தில் குறைத்து, உடுக்கை விழும் இடத்தில் கூட்டிச் செலவழிக்கும் முறை அது. ஏஏசி 1997-இலும், ஓபஸ் 2012-இலும் தரமாக்கப்பட்டவை. எம்பி3-க்குப் பின்னால் வந்ததால் அதே பிட்டில் இன்னும் சுத்தமாகச் செய்கின்றன. ஆனால் பழைய கார் ஸ்டீரியோவும் சைனாப் பிளேயரும் எம்பி3-யைத்தான் நிச்சயமாகப் படிக்கும்.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காற்றில் அனுப்பும் முன் போன் பாட்டை இன்னொரு முறை சுருக்குகிறது. எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி முறையில் பொதுவாக உச்சம் 328 கிலோபிட் அளவுதான். ஆகவே ஃபிளாக் கோப்பாகவே போட்டாலும் காதுக்கு வருவது சுருக்கியதுதான்.

உங்கள் காது எந்த அளவில் வித்தியாசம் காண்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பாட்டைச் சிடியிலிருந்து எடுங்கள். அதிலிருந்தே 128-இல் ஒரு பிரதி செய்யுங்கள். எதைப் போடுகிறோம் என்று சொல்லாமல் பத்து முறை மாற்றி மாற்றிப் போடும்படி வீட்டில் யாரையாவது கேளுங்கள். ஒலியளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எதுவோ அதுவே நல்லதாகத் தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ வந்தால் உங்கள் காது உண்மையிலேயே கண்டுபிடிக்கிறது. ஊகத்தில் அப்படி வர நூற்றுக்கு ஒரு வாய்ப்புத்தான். நான் 128-இல் ஒன்பது எடுத்தேன், 192-இல் ஆறு. என் அப்பா முப்பது வருடம் தறி ஓட்டியவர். அவருக்கு 128-உம் சிடியும் ஒன்றுதான். பெரும் சத்தத்தில் வேலை செய்தவர்களுக்குச் சுமார் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் காது முதலில் மந்தமாகும். அவருக்காகப் பாட்டை ஏற்றும்போது பிட்ரேட்டைப் பற்றி நான் யோசிப்பதில்லை, பேச்சுத் தெளிவாகக் கேட்கும் ஹெட்போனாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

ஹெட்போன் விஷயம் எல்லாருக்குமே பொருந்தும். போனோடு வந்த மலிவான இயர்போனை மாற்றினால் கிடைக்கும் மாற்றம், 192-இலிருந்து 320-க்குப் போவதை விடப் பல மடங்கு பெரிது. காதை இறுக அடைக்கும் வகையாக இருந்தால் பஸ் சத்தத்தை மீறுவதற்காக ஒலியளவைக் கூட்ட வேண்டியிருக்காது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிட்ரேட் தப்பாக வைத்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், காதுக்கு அந்த வழி இல்லை.

ஆக, கடையில் மறுபடி கிடைக்கும் சினிமாப் பாட்டை எப்படிச் சுருக்கினாலும் பிரச்சினை இல்லை. ஒரே ஒரு பிரதிதான் உலகத்தில் இருக்கிறது என்றால் அங்கே நிறுத்தி யோசியுங்கள். அப்பாருவின் பேச்சு, ஊர்ப் பாட்டுக்காரரின் உடுக்கை, நோம்பி (திருவிழா) அன்று பாடிய கும்மி. 1960-களின் நடுவில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தபோது இதே அண்ணமார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். நாடா இருந்ததால் அந்தக் கதை பிறகு அச்சில் புத்தகமாகவும் வந்தது. அப்பாருவின் பன்னிரண்டு கேசட்டும் அப்படி இருந்திருந்தால் இன்று மறுபடி நல்ல தரத்தில் ஏற்றியிருக்கலாம்.

கேசட் கையில் இருப்பவர்கள் முதலில் அதைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக ஏற்றுங்கள். பிறகு ஃபிளாக் ஆக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். பஸ்ஸில் கேட்க வேண்டும் என்றால் அதிலிருந்து ஓர் எம்பி3 பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாகப் பதிவு செய்பவர்கள் போனின் ரிக்கார்டர் அமைப்பைத் திறந்து பாருங்கள். பல போன்கள் தாமாகவே சுருக்கித்தான் சேமிக்கும்; வேவ் என்ற வசதி இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைச் செய்யும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன. ஒற்றை மைக்கில், சிடி தரத்தில், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 எம்பி ஆகும். எட்டு மணி நேர ராத்திரிப் பாட்டு இரண்டரை ஜிபி. இந்தப் பங்குனியில் எங்கள் ஊரில் உடுக்கைப் பாட்டு வைத்தபோது 32 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். பன்னிரண்டு ராத்திரி கொள்ளும்.